பலர் நடுவே ஒரு குரல்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராச சோழன் பொறிப்பித்த சாசனங்களுள் ஒன்று, சந்நிதியில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கென்று 48 பிடாரர்களையும், அவர்களோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் சொல்லி, அவர்கள் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறது. சரித்திர ஆராய்ச்சியாளர் இதில் அரசனுடைய பக்தியையும் நெற்கணக்கையும் காண்பார்கள். சமய விசாரத்தில் ஈடுபட்ட மனம் வேறொன்றைக் கேட்கும். எறும்பின் காலடி ஓசையும் கேட்கக்கூடியவன் என்று பக்தர்கள் போற்றுகிற பரம்பொருளின் திருச்செவிக்கு ஒருவர் பாடினால் போதாதா? உள்ளம் உருகி ஒருவன் பாடிய பாட்டைக் காலை மாலை 48 பேர் கூடிப் பாடுவதில் பாட்டுக்கு என்ன கூடிவிடுகிறது?

ஆடம்பரம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். 200 அடிக்கு மேல் விமானம் எழுப்பியவன் பாடகர்களின் எண்ணிக்கையில் மட்டும் சிக்கனம் காட்டுவான் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனால் அதே சாசனம், இவர்களுள் ஒருவர் இறந்தாலும் வேற்றூருக்குப் போய்விட்டாலும் அவருடைய உறவினர் அந்த இடத்தில் பாட வேண்டும் என்றும், அவ்வுறவினருக்குத் தகுதியில்லையானால் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் விதிக்கிறது. வெறும் ஆடம்பரத்துக்கு ஆள் சேர்க்கிறவன் தகுதியைப் பற்றி இத்தனை கவலைப்படமாட்டான். புதிதாக வருகிற ஒருவன் மற்ற நாற்பத்தேழு பேரின் நடுவில் அமர்ந்துதான் அந்தப் பண்களின் போக்கைத் தன் செவியில் ஏற்றிக்கொண்டிருப்பான் என்பது நம்முடைய ஊகமே. எனினும் ஒரு கோஷ்டியில் சேர்ந்து பாடிப் பழகியவர் எவரும் இந்த ஊகத்தை மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

சங்கீதம் ஏகாந்தமான சாதனை என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விடியற்காலையில் எழுந்து, சுருதியைச் சேர்த்துக்கொண்டு, ஒருவனே அமர்ந்து செய்கிற அகார சாதகமும், நாதத்தை உபாசனா மூர்த்தியாகவே கொண்ட யோகிகளைப் பற்றிய கதைகளும், ஒரு குருவுக்கு ஒரு சீடன் என்ற இலட்சியமும் சேர்ந்து உருவாக்கிய எண்ணம் அது. 1929-இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரியை ஏற்படுத்தியபோதும், 1949-இல் சென்னையில் அரசாங்கத்தின் கர்நாடக சங்கீதக் கல்லூரி முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியபோதும், பத்துப் பேரை வரிசையாக உட்காரவைத்து மணியடித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற ஐயம் பழைமையில் ஊறிய வித்துவான்களுக்கு எழுந்தது இயல்பே. தெருவுக்குத் தெரு பாட்டுக் கிளாஸ் நடக்கிற இந்நாளிலும் அந்த ஐயம் தீர்ந்தபாடில்லை. தம் குழந்தைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும்படி வாத்தியாரிடம் மன்றாடுகிற பெற்றோரும், அதற்கென்று இரட்டிப்புக் கட்டணம் செலுத்துகிற பெற்றோரும் உண்டு.

இவர்கள் உயர்த்திப் பேசுகிற குருகுலவாசத்தையே சற்று உற்று நோக்கினால், அது அத்தனை தனிமையானதாக இருந்ததில்லை என்பது தெரியவரும். குருவின் வீட்டில் பெரும்பாலும் ஒரே சீடன் இருந்ததில்லை. மூத்தவனுக்குக் கூடத்தில் பாடம் நடக்கும்போது, இளையவன் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டோ குருபத்தினி இட்ட வேலையைச் செய்துகொண்டோ, தனக்கு இன்னும் சொல்லப்படாத கீர்த்தனையைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பான். கச்சேரியில் குருவுக்குப் பின்னால் இருவர் மூவர் அமர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சிஷ்யர்கள் உமையாள்புரம், வாலாஜாப்பேட்டை, தில்லைஸ்தானம் என்று மூன்று பரம்பரைகளாகப் பிரித்துச் சொல்லப்படும் அளவுக்குப் பலராக இருந்தார்கள்; அவர் இயற்றிய திவ்யநாம கீர்த்தனைகளும் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளும் பலர் கூடிப் பாடுவதற்கென்றே அமைந்தவைபோல எளிய மெட்டுக்களில் நடக்கின்றன. கேள்வி ஞானம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி பிறர் பாடத்தைக் கேட்டுப் பெற்ற ஞானமே.

இதற்கு ஒரு விசித்திரமான சாட்சியம் வராளி ராகம். அதைக் குரு சீடனுக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்குமிடையே மனஸ்தாபம் வரும் என்ற நம்பிக்கை வித்துவான்களிடையே நெடுநாளாக உண்டு. ஆகவே அதைப் பாடக் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். நம்பிக்கையின் மூலம் எதுவாயினும், அதன் பயன் என்னவென்று பார்த்தால், ஒரு ராகமாவது முறையான பாடத்துக்கு வெளியே, பலர் பாடும் இடத்தில், காதின் வழியாகவே சீடனை அடையட்டும் என்று சம்பிரதாயமே வாய்க்கால் வெட்டி வைத்ததுபோல் இருக்கிறது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கோஷ்டியில் பாடிப் பழகிய மாணவன், எந்தக் குருவின் கோபத்துக்கும் ஆளாகாமலே வராளியைப் பெற்றுவிடுகிறான்.

குழுவில் கற்கும்போது உண்மையில் நிகழ்வது என்ன? பத்துப் பிள்ளைகள் ஜமுக்காளத்தில் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புரந்தரதாசர் வகுத்ததாக நாம் வழங்கிவரும் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறார் ஆசிரியர். முதல் சில வாரங்கள் ஒவ்வொரு பிள்ளையும் தன் குரல் மேலே கேட்க வேண்டும் என்று உரக்கக் கத்தும். தாளம் போடும் கைகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகா. இரண்டாம் காலத்துக்கு வந்ததும் சுறுசுறுப்பான பிள்ளை முந்தி ஓடும். கூச்சமுள்ள பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். பிறகு ஏதோ ஒரு நாள், யாரும் கட்டளையிடாமலே, முந்தி ஓடிய பிள்ளை தயங்கி நின்று பக்கத்துக் குரலை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. வாயசைத்த பிள்ளைக்கு, மற்றவர்களின் ஓசை ஒரு மறைவாக இருப்பதால், பயம் தெளிந்து குரல் வெளிவருகிறது. இந்த இரண்டு மாறுதல்களையும் எந்த ஆசிரியராலும் தனிப்பாடத்தில் உண்டாக்கிவிட முடியாது. ஏனெனில் தனிப்பாடத்தில் மாணவன் எதிரே இருப்பது குரு ஒருவரே. குருவின் குரல் அவனுக்குப் பிரமாணம், தன் குரல் அதன் பிழையான நகல். தன்னை ஒத்த இன்னொரு குரல், தன்னைப்போலவே தடுமாறுகிற குரல், தனக்கு எட்டாத மேல் ஷட்ஜத்தை எளிதில் தொட்டுவிட்டுத் தான் எளிதில் பிடித்த ஜண்டை வரிசையில் சறுக்கி விழுகிற குரல் ஒன்று இருக்கிறது என்ற அறிவு அவனுக்குக் குழுவில்தான் கிட்டுகிறது.

செவியின் இந்தப் பயிற்சியைத் தம்புராவே நமக்கு விளக்கிவிடும். அதன் நான்கு தந்திகளுள் நடுவிலுள்ள சாரணை, அனுசாரணை இரண்டும் ஒரே ஸ்தாயியில் ஒரே ஷட்ஜத்துக்குக் கூட்டப்படுவன. இரண்டும் அணுப்பிரமாணம் வேறுபட்டாலும் நாதத்தில் ஓர் அலை எழும். ஒரு தந்தி விநாடிக்கு 140 முறையும் மற்றது 142 முறையும் அதிர்ந்தால், விநாடிக்கு இரண்டு முறை ஓசை ஏறி இறங்குவது காதுக்குத் தெரியும். பிருடையையும் மணியையும் மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டு போனால் அலை தளர்ந்து, நீண்டு, கடைசியில் அடங்கிவிடும். தனியாக ஒரு தந்தியை மீட்டிப் பார்த்தால் அதில் குற்றம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது தந்தியே முதலாவதன் குற்றத்தை வெளிப்படுத்துகிறது, இரண்டாவதன் குற்றத்தை முதலாவது வெளிப்படுத்துகிறது. சேர்ந்து பாடுகிற பிள்ளைகளின் குரல்களுக்கிடையேயும் இப்படியே அலை எழுகிறது, அடங்குகிறது. ஆசிரியர் சொல்லித் திருத்துவதற்கு முன்பே பிள்ளையின் செவி அதை உணர்ந்து குரலைத் திருத்திக்கொள்கிறது. வேத பாடசாலையில் ஆசிரியர் ஒரு முறை சொன்னதை மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்லும் சந்தை முறையும், கற்றதைக் கூடியிருந்து ஓதி உறுதிப்படுத்தும் திருவை முறையும், திவ்யப்பிரபந்தம் கற்பவர்களிடமும் வழங்கும் அதே முறைகளும், ஏட்டை நம்பாமல் ஒருவன் செவியை மற்றவன் வாய்க்குக் காவலாக வைத்த ஏற்பாடுகளே. நூற்றாண்டுகளாக ஸ்வரம் பிறழாமல் வேதம் வந்து சேர்ந்திருக்கிறதென்றால், அந்தப் பெருமையில் பாதி தனி மேதைகளுடையதன்று; பக்கத்தில் இருந்தவன் தவறும்போது முகத்தைச் சுளித்த சாதாரண மாணாக்கர்களுடையது.

இனி, இதில் அடங்கியிருக்கும் தத்துவப் பிரச்சினைக்கு வருவோம். பலரோடு சேர்ந்து பாடும்போது நான் என்ன ஆகிறேன்? என் குரல் எனக்கே தனியாகக் கேட்பதில்லை; ஆனால் நான் பாடுவதை நிறுத்திவிட்டால் ஏதோ குறைவதை உணர்கிறேன். சமஷ்டியில் வியஷ்டி கரைந்துவிடுகிறதா, அல்லது அதற்குள்ளும் தனித்து நிற்கிறதா? நம் நாட்டு வேதாந்த மதங்கள் ஜீவனையும் பிரம்மத்தையும் பற்றி வாதிட்ட வாதமெல்லாம், சிறிய அளவில், இந்த ஜமுக்காளத்திலேயே நடந்துவிடுகிறது.

அத்வைதி தம் பக்கத்துக்குத் தைத்திரீய உபநிஷத்தைக் காட்டலாம். அதன் முடிவில், ஞானம் பெற்றவன் எல்லா உலகங்களிலும் விருப்பம்போல் சஞ்சரித்துக்கொண்டு, உண்ணப்படும் அன்னமும் தானே, அதை உண்பவனும் தானே என்று வியந்து சாமகானம் பாடுகிறான். அங்கே பாடுகிறவன் ஒருவனே. அவனுக்குப் பின்பாட்டுக்காரன் கிடையாது. எல்லாம் தானேயானவனுக்கு இரண்டாவது குரல் எங்கிருந்து வரும்? முடிந்த நிலையில் தனிமையே உண்மை என்று கொள்பவர்களுக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்தச் சாமத்தை வேள்விச் சாலையில் பாடிய முறை வேறு. சோம யாகத்தில் ஒரு சாமத்தைப் பிரஸ்தோதா, உத்காதா, பிரதிஹர்த்தா என்ற மூவர் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டு பாடி, நிதனம் என்ற இறுதிப் பகுதியை மூவரும் சேர்ந்தே பாடுவார்கள். தொடங்கும்போது ஒருவன், நடுவில் ஒருவர் மாற்றி ஒருவர், முடிவில் எல்லாரும் என்ற இந்த அமைப்பைச் சாந்தோக்கியம் பல விதமாகத் தியானப் பொருளாக்குகிறது. அந்த உபநிஷத்தின் நகைச்சுவையையும் இங்கே சொல்லாமல் போக மனமில்லை: பசித்த நாய்கள் சில ஒரு வெள்ளை நாயிடம் சென்று, எங்களுக்குச் சோறு கிடைக்கப் பாடித் தரவேண்டும் என்று வேண்ட, மறுநாள் காலையில் அவை, வேள்வியில் ருத்விக்குகள் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு வலம் வருவதுபோலவே வலம் வந்து அமர்ந்து, ஹிங்காரம் செய்து, அன்னத்தை வேண்டிப் பாடின என்று அது கூறுகிறது. உயர்ந்த ஞானத்துக்காகக் கூடினாலும் வயிற்றுக்காகக் கூடினாலும் பாட்டு கூட்டத்தைத் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறது என்பதை ரிஷிகள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்.

ஆயினும் என் மனத்துக்கு நிறைவு தருவது மெய்கண்டார் வழிச் சைவ சித்தாந்தம் கூறும் விடையே. இறைவன் உயிர்களோடு கலப்பினால் ஒன்றாயும், பொருள்தன்மையால் வேறாயும், உயிர்க்கு உயிராய் நின்று செலுத்துவதால் உடனாயும் இருக்கிறான் என்று சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரத்தை ஆசிரியர்கள் விரித்துரைப்பார்கள். இது இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பற்றிய சித்தாந்தம். உயிருக்கும் உயிருக்கும் உள்ள உறவுக்கு இதை அப்படியே பொருத்துவது சாஸ்திர சம்மதமன்று என்று பண்டிதர்கள் தடுப்பார்கள். தடுத்தாலும், கோஷ்டியில் நன்றாகச் சேர்ந்து பாடிய அனுபவத்தை விவரிக்க இதைக்காட்டிலும் துல்லியமான பாஷை எனக்கு அகப்படவில்லை. சுருதியில் ஒன்றாகிறோம், குரலின் நிறத்தில் வேறாகவே இருக்கிறோம், மூச்செடுக்கும் இடத்தில், தாளத்தின் தட்டில், ஒருவரை ஒருவர் செலுத்திக்கொண்டு உடனாகிறோம். பத்துக் குரலும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே இருந்துவிட்டால் அது சற்றே பெருத்த ஒரு குரலாக ஒலிக்குமே அன்றிக் கோஷ்டியாக ஒலிக்காது. பலர் பாடும்போது எழுகிற நிறைவுக்குக் காரணம், ஒன்றிலிருந்து ஒன்று இம்மியளவு விலகிநிற்கும் குரல்கள் விலகாமலிருக்க முயலுகிற முயற்சியே.

அந்நூலின் பன்னிரண்டாம் சூத்திரம் இன்னும் வியப்பானது. மலங்களைக் கழுவிக்கொண்ட ஞானி பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லுகிறது. குகைக்குள் போய் அமர்ந்துகொள் என்று சொல்லவில்லை. அன்பரோடு கூடியிரு, அவர்கள் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனென்றே தொழு என்கிறது. சாதனைக்குக் கூட்டம் துணை, சித்தி அடைந்தபின் அது வேண்டாம் என்று நினைப்பதே பொதுவான வழக்கு. மெய்கண்டாரோ நூலின் கடைசிச் சூத்திரத்தில், எல்லாம் முடிந்த இடத்தில், கூட்டத்தை வைக்கிறார். தனிமையில் பெற்ற அனுபவம் எத்தனை உயர்ந்ததாயினும் அதில் நான் பெற்றேன் என்ற நினைவின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அடியார் கூட்டத்தில் அந்த வாசனை நிற்க இடமில்லை.

ஆண்டாளும் மாணிக்கவாசகரும் இதையே பெண்பிள்ளைகளின் மார்கழி நீராட்டாக நடத்திக் காட்டினார்கள். திருப்பாவையின் முப்பது பாட்டுக்களில் பத்துப் பாட்டுக்கள், ஆறாவது முதல் பதினைந்தாவது வரையில், கண்ணனைப் பற்றிய வேண்டுதலைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, உறங்குகிற தோழியரை வீடு வீடாகச் சென்று எழுப்புவதில் கழிகின்றன. திருவெம்பாவையின் முற்பகுதியும் அப்படியே. விடிந்துகொண்டிருக்கிறது, போகவேண்டிய இடத்துக்கு முந்திக்கொண்டு போனால் அருளை முதலில் பெறலாம், எழாதவள் எழாமலே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகாமல், ஏசியும் கெஞ்சியும் அவளை இழுத்துக்கொண்டு போவானேன்? பகவதனுபவம் தனியே அனுபவிக்கத்தக்கதன்று என்பது வைஷ்ணவ ஆசாரியர்கள் காட்டும் காரணம். பாடம் கற்கும் பிள்ளைகளிடத்தில் இதன் சிறிய உருவத்தை நாள்தோறும் காணலாம். தாளம் தப்புகிற ஒருத்திக்காகப் பாட்டு முழுவதையும் மறுபடி எடுக்கச் சொல்லும்போது கெட்டிக்காரப் பிள்ளைகளின் முகத்தில் முதலில் சலிப்புத் தோன்றும். சில மாதங்கள் சென்றால், அவர்களே அவளுக்குக் கையைப் பிடித்துத் தாளம் போட்டுக் காட்டுவார்கள். அந்தச் சில மாதங்களில் அவர்களுடைய சங்கீதம் தாமதப்பட்டது உண்மை. தாமதம் வீண்போயிற்றா என்பதுதான் கேள்வி. வீண்போகவில்லை என்பதே என் துணிபு.

இவ்வளவும் சொன்னபிறகு, கூட்டத்தின் தோஷங்களை மறைத்தால் அது நியாயமாகாது. கூட்டத்தில் சோம்பேறி ஒளிந்துகொள்ளலாம். பத்துப் பேர் நடுவே வாயசைத்தே ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டு, தனியே பாடச் சொன்னால் கீதத்தின் இரண்டாவது வரியில் நின்றுவிடும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவார்கள். சுருதிப் பிரச்சினையும் சாமானியமானதன்று: ஆண்குரல் ஒன்று ஒன்றரைக் கட்டையிலும் பெண்குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் இயல்பாக நிற்க, இரண்டையும் ஒரே சுருதியில் பாடச் சொன்னால் ஒரு சாரார் கீழே முனகுவார்கள், மறு சாரார் மேலே கிறீச்சிடுவார்கள். ராக ஆலாபனையையும் நிரவலையும் கற்பனாஸ்வரத்தையும் பத்துப் பேர் சேர்ந்து பாடுவது நடவாத காரியம். மனோதர்மம் என்ற எல்லைக்கு வந்ததும் மாணவன் தனியே நடந்துதான் ஆகவேண்டும். இவற்றையெல்லாம்விடக் கொடியது கூட்டத்தின் வெறி. பஜனையில் தாளம் துரிதமாகி, குரல்கள் மேலேறி, கண்ணீரும் கூச்சலும் கலக்கும்போது, அகங்காரம் அழிந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒருவனுடைய அகங்காரம் நூறு பேருடைய அகங்காரமாகப் பெருத்துப்போனதே உண்மையாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு: பக்கத்தில் இருப்பவனுடைய குரல் அப்போது நம் காதில் விழுகிறதா? விழவில்லையானால் நாம் கோஷ்டியில் இல்லை, கும்பலில் இருக்கிறோம்.

கூட்டத்துக்குள் யாரை விடுவது என்ற கேள்வியை நம் முன்னோர் எப்போதும் நேர்மையாக எதிர்கொண்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. வேத பாடசாலையின் சந்தை ஒரு ஜாதியின் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே கேட்டது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனையை, சீடர் வழி வந்தவர்களே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் அங்கே பாடுவதற்கு இடமில்லாதிருந்தது. சுவாமிகளின் சமாதிக்குத் தம் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்த அந்தப் பெண்மணி, மூன்றாவதாகப் பெண்கள் கட்சி ஒன்றைக் கூட்டித் தனியே ஆராதனை நடத்தவேண்டியதாயிற்று. 1940-ஐ ஒட்டி இக்கட்சிகள் ஒன்றுபட்ட காலத்தில்தான், பஞ்சரத்ன கீர்த்தனைகளை வித்துவான்கள் எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கமும் ஏற்பட்டது. இன்று அந்தக் கோஷ்டி கானத்தைக் கேட்டு, சுருதி சேரவில்லை, காலப்பிரமாணம் ஓடுகிறது என்று குறை கூறும் ரசிகர்கள் கூறுவது சங்கீத ரீதியில் சரியே. நானும் அந்தக் குறையை உணராதவனல்லன். ஆனால் யார் முதலில் பாடுவது, யார் சந்நிதிக்கு எதிரே அமர்வது, யார் பாடவே கூடாது என்ற வழக்குகளெல்லாம் அந்த ஐந்து கீர்த்தனைகளைப் பாடி முடிக்கும் நேரத்துக்காவது இல்லாமற்போகின்றன. ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்திருப்பதும், சரணங்கள் ஸ்வரமும் சாகித்தியமுமாக ஒரே கட்டுக்கோப்பில் நடப்பதும், சொந்தக் கற்பனையைச் சேர்க்க இடம் தராமையும், ஆயிரம் பேர் பாடினாலும் சிதறாத வண்ணம் அவற்றைக் காத்துவருகின்றன.

கூட்டத்துக்கு எட்டாத இசை ஒன்றும் உண்டு என்பதைச் சேக்கிழார் மறக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு திருஞானசம்பந்தரை விடாமல் தொடர்ந்து, அவர் பாடும் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து வந்தார். திருத்தருமபுரத்தில் பாணருடைய சுற்றத்தார், நீர் யாழில் வாசிப்பதால் அல்லவா பதிகத்தின் புகழ் பரவுகிறது என்று உவந்து சொல்ல, பாணர் நடுங்கிப்போய்ச் சம்பந்தரிடம் சென்று, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று தாமே விண்ணப்பம் செய்துகொண்டார். சம்பந்தர் பாடினார், யாழ் பின்தொடர முடியாமல் நின்றது, பாணர் யாழை உடைக்க ஓங்கினார், சம்பந்தர் அதைத் தடுத்து வாங்கி, இறைவன் திருவருளைக் கருவியின் அளவில் அடக்கிவிட முடியுமா, முடிந்த அளவில் வாசித்து வாரும் என்று திரும்பக் கொடுத்தார். தன் தோல்வியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட வாத்தியக்காரர் வேறு எந்தச் சங்கீத சரித்திரத்திலாவது உண்டா என்று தெரியவில்லை. நெடுநாள் சேர்ந்து பயின்ற ஒருவராலேயே அப்படிக் கேட்க முடியும். தன் வாத்தியம் எங்கே நிற்கிறது, எதிரே உள்ள குரல் எங்கே அதைத் தாண்டுகிறது என்று செவிக்குத் தெரிந்தவருக்கே சுற்றத்தாரின் புகழுரை அச்சத்தைத் தரும். அதன் பிறகும் அவர் பிரிந்து போய்விடவில்லை. நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலந்த நாள் வரையில் முடிந்த அளவில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே, குழுவிலா தனியாகவா என்று வாதிடுகிற பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது வரிசையும் முறையும் பற்றியதே. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்ற அடித்தளம் முழுவதும் கூட்டத்தில் நடக்கட்டும். வாரத்தில் ஒரு நாளேனும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே பாடச் சொல்லி மற்றவர்கள் வாய்மூடிக் கேட்கட்டும். வர்ணம் முடிந்து கீர்த்தனைகளில் நன்றாகக் கால் ஊன்றியபின், மனோதர்மத்துக்கென்று தனிப்பாடம் வரட்டும். ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த நாதமுனிகள் மறைந்துகிடந்த திவ்யப்பிரபந்தத்தை மீட்டுக்கொண்டு வந்தபோது, அதற்கு இசை அமைத்துத் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரையும் சேர்த்துப் பயில்வித்தார் என்று குருபரம்பரை சொல்லுகிறது. பல தாளங்களை ஒருசேரத் தட்டச் செய்து, அந்தப் பேரோசைக்குள் ஒவ்வொரு தாளத்தின் எடையையும் நாதத்தைக்கொண்டே பிரித்துச் சொன்னார் என்பதும் அவரைப் பற்றி வழங்கும் கதை. அப்படிப்பட்ட செவி படைத்தவர், நாலாயிரத்தையும் காப்பாற்ற ஒரு சீடனை நம்பாமல் இருவரை உட்காரவைத்தார். ஸ்ரீரங்கத்து அரையர்கள் தங்கள் மரபை அவரிடமிருந்தே எண்ணுகிறார்கள்.